வாடகை வீட்டில் டிரம்ஸ்: கீபோர்டும் லேப்டாப்பும் போதுமா?

கேள்வி இதுதான்: டிரம்ஸ் கற்க ஆசை. இரண்டாம் மாடியில் வாடகை வீடு. செட் வைக்க இடமில்லை, வீட்டுக்காரரும் விடமாட்டார். கையில் இருப்பது ஒரு 61 கீ கீபோர்டும் ஒரு லேப்டாப்பும். ரெக்கார்டிங் மென்பொருளில் கீபோர்டை வைத்தே தாளம் பழக முடியுமா, எங்கிருந்து தொடங்குவது?

பாதி முடியும். குச்சி தோலில் பட்டுத் துள்ளி எழுவதைக் கையில் வாங்குவது, ஒரு காலில் கிக்கையும் (பெடலால் அடிக்கும் பெரிய டிரம்) இன்னொரு காலில் ஹைஹாட்டையும் (மூடித் திறக்கும் ஜோடி சிம்பல்) நடத்துவது, இதெல்லாம் கீபோர்டில் வராது. அதற்கு என்றைக்காவது ஒரு செட் முன்னால் உட்கார்ந்துதான் ஆகவேண்டும். ஆனால் எந்த அடி எங்கே விழவேண்டும், எது அழுத்தமாக எது மெதுவாக, பாட்டு முடிகிறவரை வேகம் கூடாமல் குறையாமல் எப்படி நிற்பது என்கிற மீதிப் பாதி தாராளமாக வரும். அந்தப் பாதியைச் செட்டில் பழகுவதைவிட இதில் சீக்கிரமே பிடித்துவிடலாம் என்பது என் எண்ணம். வாசித்ததை அடி அடியாகத் திரையில் எழுதிக் காட்டுகிற வாத்தியார் செட்டோடு வருவதில்லையே.

மெல்லிசைக் குழுவில் இருபது வருடமாகக் கீபோர்டு வாசிக்கிறேன். ரிதம் பேட் (தட்டினால் டிரம்ஸ் ஒலி தரும் மின்னணுப் பலகை) வாசிப்பவரின் பஸ் எங்கோ மாட்டிக்கொண்ட இரவுகளில் இடது கையால் டிரம்ஸையும் சேர்த்து ஓட்டியிருக்கிறேன். அப்படிப் பழகியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் இணைப்பு. உங்கள் கீபோர்டின் பின்னால் யூஎஸ்பி துளை இருந்தால் பிரிண்டருக்குப் போடுகிற மாதிரி ஒரு கேபிள் போதும். பழைய மாடலில் ஐந்து முள் உள்ள வட்டத் துளைதான் இருக்கும். அதற்கு மிடியிலிருந்து (எந்தக் கீ எப்போது அழுந்தியது என்று கருவிகள் பேசிக்கொள்ளும் மொழி) யூஎஸ்பிக்கு மாற்றும் கேபிள் வாங்க வேண்டும். மென்பொருள் எதுவானாலும் சரி. ஆப்பிள் கணினி என்றால் கராஜ்பேண்ட் இலவசம், டிரம்ஸ் ஒலிகளும் அதிலேயே இருக்கின்றன. விண்டோஸில் நான் ரீப்பர் வைத்திருக்கிறேன். 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். ஆனால் அதோடு நிஜ செட் மாதிரி டிரம்ஸ் ஒலி வராது. எம்டி பவர் டிரம்கிட் போன்ற இலவச பிளக்இன் (மென்பொருளுக்குள் செருகும் துணை மென்பொருள்) ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். மென்பொருளைத் தேர்ந்தெடுப்பதிலேயே ஒரு மாதத்தைக் கழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இருப்பதில் தொடங்குங்கள்.

இணைத்ததும் ஒரு கீயை அழுத்தினால் இரண்டு சத்தம் கேட்கலாம்: கீபோர்டின் சொந்தப் பியானோ ஒலி ஒன்று, லேப்டாப்பிலிருந்து டிரம்ஸ் ஒன்று. கீபோர்டு மெனுவில் 'லோக்கல்' என்று ஒரு வசதி இருக்கும், அதை ஆஃப் செய்தால் சொந்த ஒலி நின்றுவிடும். கிடைக்காவிட்டால் கீபோர்டின் வால்யூமை அடியோடு குறைத்துவிடுங்கள், வேலை முடிந்தது.

அடுத்தது தாமதம். பழகத் தொடங்குகிற பலரும் தோற்றுப்போவது இந்த இடத்தில்தான். நீங்கள் கீயை அழுத்துவதற்கும் சத்தம் காதில் விழுவதற்கும் இடையே கணினி கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறது. மென்பொருளின் ஆடியோ அமைப்பில் பஃபர் என்று ஓர் எண் இருக்கும். நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியின் மிகச் சிறு துண்டுகள்) என்ற வேகத்தில் 1024 என்று வைத்தால் அந்த ஒரு கட்டத்தில் மட்டும் 23 மில்லிநொடி போய்விடும். 256 என்றால் 6, 128 என்றால் 3. இதற்கு மேல் கீபோர்டும் சவுண்ட் கார்டும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும். மொத்தம் 10 மில்லிநொடிக்குள் இருந்தால் கவலையில்லை. அது ஸ்பீக்கர் உங்களிடமிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி இருப்பதற்குச் சமம்; மேடையில் அந்தத் தூரத்தில் தினமும் வாசிக்கிறோம். 30ஐத் தாண்டினால் விரல் குழம்பிப்போகும். விண்டோஸில் சாதாரண டிரைவரை விட்டுவிட்டு, தாமதத்தைக் குறைக்கும் ஏசியோ டிரைவருக்கு மாறுங்கள். தனி ஆடியோ இன்டர்ஃபேஸ் (வெளியே இணைக்கும் சவுண்ட் கார்டு) இல்லாதவர்களுக்கு ஏசியோ ஃபார் ஆல் என்ற இலவச டிரைவர் இருக்கிறது. பஃபரை 128ல் வைத்துப் பாருங்கள். சத்தம் கரகரத்தால் 256க்கு ஏற்றுங்கள்.

அளந்து பார்க்க ஒரு சின்ன வழி உண்டு. போனில் ரெக்கார்டரை ஓடவிட்டு, கீபோர்டுக்கும் ஸ்பீக்கருக்கும் பக்கத்தில் வைத்து, ஒரு கீயை நறுக்கென்று தட்டுங்கள். 'டொக்' என்று கீ அடியில் இடிக்கிற சத்தமும், பிறகு ஸ்பீக்கரில் வரும் கிக் சத்தமும் பதிவாகும். அந்தப் பதிவை மென்பொருளில் திறந்து பெரிதாக்கினால் இரண்டு மேடுகள் தெரியும். அவற்றுக்கு இடையில் உள்ள தூரம்தான் உங்கள் தாமதம்.

புளூடூத் ஹெட்போன் மட்டும் வேண்டவே வேண்டாம். 100 மில்லிநொடிக்கு மேல் பிந்துவது அதற்குச் சர்வ சாதாரணம். ஒரு காலத்தில் வீட்டில் தூங்குகிறவர்களை எழுப்பக் கூடாதென்று இரண்டு வாரம் புளூடூத்தில் பழகினேன். பிந்தி வரும் சத்தத்தைச் சரிக்கட்ட என் கை தானாகவே முந்திக்கொள்ளப் பழகிவிட்டது, எனக்கே தெரியாமல். அடுத்த கச்சேரியில் முதல் பாட்டிலேயே பேஸ் கிடார்காரர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். "ஏண்ணே ஓடுறீங்க?" என்று இடைவேளையில் கேட்டார். அந்தப் பழக்கம் கையை விட்டுப் போக ஒரு மாதம் ஆனது. ஒயர் உள்ள ஹெட்போன், அது விலை குறைந்ததாக இருந்தாலும் பரவாயில்லை.

சரி, எந்தக் கீயில் எந்த டிரம்? 1983ல் மிடி வந்தது. 1991ல் ஜெனரல் மிடி என்ற பொது ஏற்பாடு வந்து, டிரம்ஸுக்கு ஒவ்வொரு எண் ஒதுக்கியது. பெரும்பாலான டிரம் பிளக்இன்கள் இன்றும் கிட்டத்தட்ட அதையே பின்பற்றுகின்றன. 36 கிக், 38 ஸ்னேர் (சடசடக்கும் சின்ன டிரம்), 42 மூடிய ஹைஹாட், 46 திறந்த ஹைஹாட், 49 கிராஷ், 51 ரைடு (இவை இரண்டும் பெரிய சிம்பல்கள்). உங்கள் 61 கீ கீபோர்டுக்கு இதில் ஒரு அதிர்ஷ்டம் இருக்கிறது: அதன் இடது ஓரத்து முதல் கீயே 36தான். ஆக முதல் 'சி' கிக், பக்கத்து வெள்ளைக் கீ 'டி' ஸ்னேர், கொஞ்சம் தள்ளி 'எஃப் ஷார்ப்' கருப்புக் கீ மூடிய ஹைஹாட், 'ஏ ஷார்ப்' திறந்த ஹைஹாட். 25 கீ உள்ள சின்னக் கீபோர்டு வைத்திருப்பவர்கள் ஆக்டேவ் பொத்தானை ஒருமுறை கீழே தட்டினால் பெரும்பாலும் இதே இடத்துக்கு வந்துவிடலாம்.

கை வைப்பு எப்படி என்று பலவிதமாகச் சொல்வார்கள். நான் செய்வது: இடது கையின் நடுவிரல் கிக்கில், கட்டைவிரல் ஸ்னேரில். வலது கையின் ஆள்காட்டி விரல் மூடிய ஹைஹாட்டில், மோதிர விரல் திறந்த ஹைஹாட்டில். இந்த ஏற்பாட்டில் ஒளிந்திருக்கும் ஒரு வசதியைப் பலர் கவனிப்பதில்லை. 35, 36 இரண்டுமே கிக். 38, 40 இரண்டுமே ஸ்னேர். அதாவது 'டி'யிலும் 'இ'யிலும் இரண்டு விரலை மாற்றி மாற்றித் தட்டினால் ஸ்னேரில் வேகமான உருட்டல் கிடைக்கும். ஒரே கீயை ஒரே விரலால் படபடவென்று அடித்துக் கையை வலிக்கவைக்க வேண்டியதில்லை. 35ஐத் தொட மட்டும் ஆக்டேவையோ டிரான்ஸ்போஸையோ கொஞ்சம் நகர்த்த வேண்டும். இன்னொன்று: பியானோ போலக் கனமான கீ உள்ள கீபோர்டைவிட, ஸ்பிரிங் வைத்த லேசான கீதான் இதற்கு நல்லது. அழுத்தியதும் உடனே எழும்.

முதல் வாரம் ஹைஹாட் மட்டும். சிரிக்காதீர்கள். மெட்ரோனோமை (சீராகக் கிளிக் கொடுக்கும் வசதி) 60ல், அதாவது நிமிடத்துக்கு 60 கிளிக்கில் வைத்து, ஒரு கிளிக்குக்கு இரண்டு அடி, ஐந்து நிமிடம். அப்புறம் 16 பார் (ஒரு பார் என்பது இங்கே நான்கு கிளிக் கொண்ட ஒரு சுற்று) பதிவு செய்து, பியானோ ரோல் என்கிற அந்தக் கட்டம் போட்ட ஜன்னலைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு அடியும் ஒரு சின்னச் செவ்வகமாக இருக்கும், கட்டக் கோட்டுக்கு முன்னாலோ பின்னாலோ. முதல்முறை பார்க்கிறபோது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கும். நான் சரியாக வாசித்தேன் என்று சத்தியம் செய்யத் தயாராக இருந்த இடத்தில் செவ்வகங்கள் குடித்துவிட்டு நடக்கிற மாதிரி கிடந்தன.

அதைப் படிக்கிற விதம் முக்கியம். எல்லா அடிகளும் கோட்டுக்கு ஒரே அளவு பின்னால் சீராக இருந்தால் உங்கள் கை நன்றாகத்தான் இருக்கிறது, இயந்திரத்தின் தாமதத்தைச் சந்தேகியுங்கள். சில முன்னே சில பின்னே என்று சிதறிக் கிடந்தால் அது கை. பார் போகப் போக மெல்ல மெல்ல முன்னே நகர்ந்தால் நீங்கள் ஓடுகிறீர்கள், பின்னே நகர்ந்தால் இழுக்கிறீர்கள். இரண்டாவது அடி மட்டும் எப்போதும் முதல் அடியை ஒட்டி விழுந்தால் விரல் எழும் வேகத்தில் கோளாறு. கிக்கும் ஹைஹாட்டும் சேர்ந்து விழவேண்டிய இடத்தில் கிக் எப்போதும் சற்றுப் பிந்தினால் இடது கை சோம்பல். வலக்கைக்காரர்களில் அநேகம் பேருக்கு இது இருக்கும், எனக்கும் இருந்தது. எவ்வளவு பிழை வரை பொறுக்கலாம்? 80 வேகத்தில் ஒரு தட்டுக்குள் நான்கு அடி என்றால் ஓர் அடிக்கும் அடுத்ததற்கும் இடையே 187 மில்லிநொடி. அதில் 10 அப்படி இப்படி இருந்தால் காதுக்கு உறுத்தாது. 30 என்றால் எனக்குத் தளர்ந்து கேட்கிறது.

ஹைஹாட் சீரானதும் கிக்கையும் ஸ்னேரையும் சேர்க்கலாம். இங்கே மேற்கத்திய முறையில் 'ஒன் இ அண்ட் அ' என்று எண்ணச் சொல்வார்கள். நமக்கு அதைவிட வசதியாகத் தாளச் சொற்களை வாயால் சொல்லும் கொன்னக்கோல் இருக்கிறது. மிருதங்க வகுப்புப் பக்கமே போகாதவர்களுக்கும் தகதிமி தெரியும். ஒரு தட்டுக்கு ஒரு 'தகதிமி' என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். நான்கு தகதிமி ஒரு பார். 'த'விலும் 'தி'யிலும் ஹைஹாட். முதல், மூன்றாம் தகதிமியின் 'த'வில் கிக். இரண்டாம், நான்காம் தகதிமியின் 'த'வில் ஸ்னேர். இது நின்றதும் இரண்டாவது தகதிமியின் 'மி'யில் கூடுதலாக ஒரு கிக் போடுங்கள். ஒரே ஓர் அடிதான், ஆனால் அதுவரை நடந்துகொண்டிருந்த தாளம் அங்கே ஆடத் தொடங்கும். அந்த 'மி' ஹைஹாட்டோடு சேராமல் தனியாக விழவேண்டும் என்பதால்தான் விரல் தடுமாறும். வாய் சொல்லச் சொல்ல விரல் அதன் பின்னால் வரும். வாயை மூடிக்கொண்டு வாசித்தால் நாள் அதிகமாகும்.

ஒரு பாரில் ஆறு எண்ணிக்கை வரும் 6/8 தெரியாமல் நம்மூர் மேடையில் ஓர் இரவைக்கூட ஓட்ட முடியாது. அதற்கு 'தகிட தகிட'. ஆறு எழுத்திலும் ஹைஹாட், முதல் 'த'வில் கிக், இரண்டாவது 'த'வில் ஸ்னேர், கடைசி 'ட'வில் அடுத்த சுற்றை இழுத்துக்கொண்டு வர ஒரு சின்னக் கிக். மென்பொருளில் தாளக் குறியை 6/8 என்று மாற்ற மறந்துவிடாதீர்கள். 4/4லேயே விட்டுவிட்டால் மெட்ரோனோமின் அழுத்தம் தப்பான இடத்தில் விழுந்து உங்களைக் குழப்பும். இதில் கை பழகியபின் ஏழு எண்ணிக்கைத் தாளமான மிஸ்ர சாபுவுக்குப் போகலாம்: 7/8 வைத்து 'தகிட தகதிமி', முதல் 'த'வில் கிக், தகதிமியின் 'த'விலும் 'தி'யிலும் ஸ்னேர். மூன்று, இரண்டு, இரண்டு என்று கையில் தாளம் போடுவதும் அதேதான். கண்ட சாபு என்றால் 5/8, 'தக தகிட'. மேற்கத்திய டிரம்ஸ் புத்தகங்களில் பின்பகுதியில் ஒளித்துவைத்திருக்கிற 'கஷ்டமான' கணக்குகள் நம் காதுக்குப் பழகியவை. இந்தச் சலுகையைப் பயன்படுத்திக்கொள்ளாமல் விடுவது அநியாயம்.

எல்லாவற்றையும்விட எனக்குப் பலன் கொடுத்த பயிற்சி ஒன்றை இப்போது சொல்கிறேன். மெட்ரோனோமோடு சேர்ந்து வாசிப்பது ஊன்றுகோலோடு நடப்பது மாதிரி. ஊன்றுகோல் இருக்கிறவரை விழமாட்டோம், அதனால் கால் பலமா என்று தெரியாது. ஆகவே மென்பொருளின் மெட்ரோனோமை அணைத்துவிட்டு, ஒரு தனி டிராக்கில் 37ஆம் எண்ணின் 'டக்' ஒலியை வைத்து நான்கு பாருக்கு நீங்களே கிளிக் எழுதுங்கள். அதில் மூன்றாவது, நான்காவது பாரில் உள்ள கிளிக்குகளை அழித்துவிடுங்கள். இந்த நான்கு பாரையும் சுற்றவிட்டு வாசியுங்கள். இரண்டு பார் துணை, இரண்டு பார் மௌனம். மௌனம் முடிந்து கிளிக் திரும்பி வருகிறபோது நீங்கள் அதன்மேல் சரியாக வந்து உட்கார வேண்டும். முதல் நாள் உட்காரமாட்டீர்கள். அநேகமாக முந்திப் போய் நின்றுகொண்டிருப்பீர்கள். 100 வேகத்தில் செய்வதைவிட 60ல் செய்வது ரொம்பக் கடினம், ஏனென்றால் இடைவெளி பெரிது. அந்த இடைவெளியை மனதுக்குள் தகதிமி சொல்லி நிரப்பக் கற்றுக்கொண்டால் தப்பிக்கலாம். இரண்டு பார் மௌனம் சுலபமானதும் மூன்றாக்குங்கள், அப்புறம் ஏழு. ஏழு பார் இருட்டில் நடந்து எட்டாவதில் சரியாக வந்து சேருகிறவரை எந்தக் குழுவும் சேர்த்துக்கொள்ளும்.

அழுத்தம் பற்றி. மிடியில் ஒவ்வொரு அடிக்கும் கீ கீழே இறங்கிய வேகம் (வெலாசிட்டி) 1 முதல் 127 வரை ஓர் எண்ணாகப் பதிவாகும். கீபோர்டுக்கு டச் வசதி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். விலை மலிவான சில மாடல்களில் எப்படித் தட்டினாலும் ஒரே எண்தான் வரும். இருந்தால் ஹைஹாட்டின் 'த' 90 பக்கமும் 'தி' 60 பக்கமும் விழப் பழகுங்கள். எல்லா அடியும் 100 என்றால் தையல் மிஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். ஸ்னேரில் பெரிய அடிகளுக்கு நடுவே 25, 30ல் முணுமுணுப்பாகச் சில அடிகள் போடுவது அடுத்த படி. விரலால் அவ்வளவு மெல்லத் தட்டுவது குச்சியால் தட்டுவதைவிடச் சிரமம். கீ அழுந்தாமலே போய்விடும். பிளக்இன்னில் வெலாசிட்டி வளைவு என்று இருப்பதைக் கொஞ்சம் மாற்றி, உங்கள் கைக்குத் தோதாக வைத்துக்கொள்ளுங்கள்.

குவான்டைஸ் பொத்தான் உங்களைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். ஒரு தட்டில் எல்லா அடியையும் கோட்டில் நிறுத்திவிடும். ரோஜர் லின் 1980ல் கொண்டுவந்த எல்எம்-1 டிரம் மெஷினிலேயே இந்த வேலை இருந்தது, கூடவே ஸ்விங்கும் (இரண்டாவது அடியைச் சற்றுத் தள்ளிப் போட்டு ஆட்டம் கொடுப்பது) இருந்தது. பாட்டுப் பதிவுக்கு அது வேண்டும், நானும் பயன்படுத்துகிறேன். பழகுகிறபோது மட்டும் தொடாதீர்கள். மாணவனின் விடைத்தாளில் வாத்தியாரே விடையை எழுதிவிட்டு நூற்றுக்கு நூறு போடுகிற கதை அது. ஒரு விதிவிலக்கு: பதிவைப் பிரதி எடுத்து, பிரதியை மட்டும் குவான்டைஸ் செய்து, இரண்டையும் மாற்றி மாற்றிக் கேளுங்கள். எங்கே தளர்கிறோம் என்று காது சீக்கிரம் பிடித்துக்கொள்ளும். சில சமயம் குவான்டைஸ் செய்யாததே நன்றாக இருக்கும், அப்போது கொஞ்சம் கர்வப்பட்டுக்கொள்ளலாம்.

லேப்டாப்பின் தட்டச்சுக் கீகளிலேயே வாசிக்கலாமா என்று பின்னால் யாராவது கேட்பார்கள். கராஜ்பேண்டிலும் ரீப்பரிலும் அந்த வசதி இருக்கிறது. ஆனால் அழுத்த வித்தியாசம் பதியாது, மூன்று கீயை ஒன்றாக அழுத்தினால் ஒன்று விழுங்கப்படலாம். பஸ்ஸில் போகும்போது தோன்றிய தாளத்தைக் குறித்துவைக்க ஆகும், அவ்வளவுதான்.

தினமும் அரை மணி போதும். பத்து நிமிடம் ஹைஹாட், பத்து நிமிடம் ஏதாவது ஒரு தாளம், மீதி அந்த மௌனப் பயிற்சி. வாரத்துக்கு ஒரு பதிவைத் தேதி போட்டுச் சேமித்துவையுங்கள். இன்னொரு பழக்கத்தையும் முதல் நாளிலிருந்தே சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: விரல் கிக்கைத் தட்டுகிறபோதெல்லாம் வலது காலால் தரையையும் தட்டுங்கள், குதிகால் தரையில் இருக்க, முன்பாதம் மட்டும். கீழ்வீட்டுக்குக் கேட்காமலிருக்க ஒரு பழைய மிதியடியைப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு, மூன்று மாதம் கழித்து மணிக்கணக்கில் வாடகைக்கு விடுகிற ரிகர்சல் அறை எதற்காவது போய் ஒரு செட் முன்னால் உட்காருவீர்கள். அன்றைக்குக் குச்சி தடுமாறும், தோள் வலிக்கும். அந்தக் கால் மட்டும் எங்கே விழவேண்டும் என்று தெரிந்துவைத்திருக்கும்.